வேலை போனால் வைத்தியமும் போவதா?

ஆலை மூடினால் கூலி மட்டும் நிற்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடும் ஆஸ்பத்திரிக் கதவும் சாத்தப்படுகிறது. காவலூர் மலையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளுக்கு இறங்கி வரும் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 1952ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. முதலாளியின் தர்மமல்ல. 2019 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி பங்கு 3.25 ரூபாய். அந்தப் பங்கும் நம் உழைப்பில் விளைந்ததே!

வேலை போன அன்றே கார்டு செல்லாது என்பாரை நம்பாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால் அடுத்த ஜூன் முடிய சிகிச்சை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் என்றால் டிசம்பர் முடிய உண்டு. பிடித்த சந்தாவைக் கட்டாமல் விழுங்கும் முதலாளியைச் சங்கம் அம்பலப்படுத்த வேண்டும்.

ஆனால் அதற்குப் பின்? மறுவேலை கிடைக்கும்வரை சிகிச்சை தொடர வேண்டும். அதன் செலவை அரசும் முதலாளியும் ஏற்க வேண்டும். இ.எஸ்.ஐ.யே எட்டாத விவசாயத் தொழிலாளிக்கும் அதே உரிமை வேண்டும். நோய் வேலைச் சீட்டைப் பார்த்து வருவதில்லை.

ஆலையும் வயலும் ஒன்றாகக் குரல் கொடுக்கட்டும்!