பழசுக்குக் கழிவு, புதுசுக்குச் சேதாரம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கும் ஒரு மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா வயித்தெரிச்சல் அடங்கலை. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

தை மாசம் தங்கச்சி கல்யாணம். போன மாசம் திருவண்ணாமலைக்குப் போயிருந்தப்ப அம்மா பீரோவைத் திறந்து ஒரு மஞ்சத்துணி முடிச்சை எடுத்தாங்க. உள்ள பாட்டியோட பதக்கம். பாட்டியோட அப்பா நிஜாம் ஸ்டேட் ரயில்வேயில குமாஸ்தா. 1920-கள்ல, நொடிச்சுப் போன ஏதோ ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்து வாங்கினாராம். வாங்கும்போதே அது பழசு. முன்பக்கம் அதிகம் பட்டை தீட்டாத தட்டை வைரங்கள். பின்பக்கம் வெள்ளை எனாமல் மேல சிவப்புப் பூவும் பச்சை இலையும்.

"இதைப் போட்டுட்டுப் புதுசா ஒரு ஆரம் எடுத்துடலாம்டா" என்றார் அம்மா. நானும் பைக்கை எடுத்தேன்.

கடை பேர் வேணாம். எல்லா ஊர்லயும் இருக்கிற ஏசி கடைதான். தராசுல வெச்சார்.

"மொத்தம் 38 கிராம். கல்லு, அரக்கு எல்லாம் கழிச்சா 17, 18 தேறும்மா. ஹால்மார்க் வேற இல்லை. உருக்கிப் பாத்தாதான் கரெக்டா சொல்ல முடியும்."

"வைரம்?" என்றேன்.

"பழைய கல்லு தம்பி, இப்ப ஓடாது. வேணும்னா பிரிச்சுக் கையில குடுத்துடறோம்."

"பின்னாடி இருக்கிற எனாமல்?"

"அது பெயிண்ட் தம்பி. நெருப்புல போயிடும்."

நெருப்புல போயிடுமா? நெருப்புலயே பொறந்ததுய்யா அது!

எனாமல்ங்கிறது பெயிண்ட் இல்லை. கண்ணாடி. நீலத்துக்கு கோபால்ட், பச்சைக்குத் தாமிரம்னு உலோக ஆக்ஸைடு கலந்து நிறமேத்தின கண்ணாடியைத் தூளாக்கி, ஈரத்தோட தங்கத்துல நிரப்பிச் சூளையில வைக்கணும். நிரப்பறதுக்கு முன்னாடி தங்கத்துல பூவும் இலையும் பள்ளமா செதுக்கணும். பள்ளத்துக்குள்ளயும் மெல்லிசா கோடு கீறி விடுவாங்க. எனாமல் பிடிச்சு நிக்கவும், மேல இருக்கிற கண்ணாடி வழியா வெளிச்சம் உள்ள போய்த் திரும்பி வரவும்தான் அந்தக் கோடு. எல்லா நிறத்தையும் ஒண்ணா சுட முடியாது. அதிகச் சூடு தாங்கற வெள்ளை முதல்ல, சூடு தாங்காத சிவப்பு கடைசியில. அந்தக் கடைசிச் சூட்டுல கொஞ்சம் அசந்தா அதுவரைக்கும் செஞ்ச அத்தனை வேலையும் காலி.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் வைரம் வரும். கூட்டுக்குள்ள அரக்கை நிரப்பி, கல்லுக்கு அடியில பளபளப்புக்காக வெள்ளித் தகடு வெச்சு, கல்லைச் சுத்தி மெல்லிசான சொக்கத்தங்கத் தகட்டை ஊசி மாதிரிக் கருவியால அழுத்துவாங்க. பத்தவைப்பு கிடையாது, பசை கிடையாது. சுத்தமான தங்கம், அழுத்தினாலே தன்னோட தானே ஒட்டிக்கும். குந்தன் வேலைன்னு பேர். கடைக்காரர் கழிவுன்னு சொன்ன அரக்குதான் இவ்வளவையும் உள்ளிருந்து தாங்குது.

ஹால்மார்க் இல்லைன்னு மட்டம் தட்டினாரே, அதுக்கும் பதில் இருக்கு. 2021-ல ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினப்பவே குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு அரசாங்கம் விலக்கு கொடுத்தாச்சு.

இதோட விட்டிருந்தா அறியாமைன்னு போயிருப்பேன். எதிர் கவுன்டர்ல ஒரு போர்டு: 'ஆன்டிக் கலெக்‌ஷன்'. அச்சுல வார்த்து, மெருகைக் குறைச்சுக் கறுப்பேத்தி, நூறு வருஷப் பழசு மாதிரி வேஷம் போட்ட புது நகை. சேதாரம் எவ்வளவுன்னு கேட்டேன். 18 சதவீதம். 40 கிராம் ஆரத்துக்கு 7.2 கிராம் தங்கத்தோட விலை! அதுவும் 'வேலைப்பாடு அதிகம் தம்பி'ங்கிற காரணத்துக்காக.

அதாவது மக்களே, நிஜமான பழசுல இருக்கிற வேலைப்பாடுன்னா கழிவு. பழசு மாதிரி நடிக்கிற புதுசுல இருக்கிற வேலைப்பாடுன்னா சேதாரம். ரெண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான்.

பதக்கத்தைப் பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு வெளிய வந்தேன். தேரடி வீதி பக்கம் ஒரு சந்துல, வயசான பத்தர் ஒருத்தர் இருக்கார். இப்ப அவருக்கு வர்ற வேலை, அறுந்த செயினைப் பத்தவைக்கிறதும் கொலுசுக்குத் திருகு மாத்தறதும்தான். அவர் கையில கொடுத்தேன். முதல்ல என்ன பண்ணார் தெரியுமா? திருப்பிப் பின்பக்கம் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். "வடக்கத்தி மீனா வேலை தம்பி. நமக்கு இது வராது. ஆனா செஞ்சவன் கை தெரியுது." அவ்வளவுதான் சொன்னார்.

அவர் அப்பாவும் பத்தர்தான். 1963 ஜனவரியில தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்து, 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு ஆச்சு. நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலை இழந்தாங்க, தற்கொலைகளும் நடந்தது. அந்த 14 காரட் தடை சில வருஷத்துல போச்சு. 1968-ல வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-லதான் போச்சு. ஆனா அந்த இடைவெளியில தொழிலை விட்டவங்க எத்தனை பேர் திரும்பியிருப்பாங்க? இவர் அப்பா மளிகைக் கடையில மூட்டை தூக்கினாராம்.

அன்னிக்கு சட்டம் செஞ்ச வேலையை இன்னிக்கு நாம சிரிச்சுக்கிட்டே, 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்'ங்கிற பேர்ல செய்யறோம்.

இதுக்கெல்லாம் மதிப்பே இல்லையான்னு கேக்கறீங்களா? நிஜாம் குடும்பத்து நகைகள் 173-ஐ, வருஷக்கணக்கா கோர்ட்டு கேஸ் நடத்தி, 1995-ல இந்திய அரசாங்கம் 218 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. அதுல பதக்கங்களும் உண்டு, பலதுக்குப் பின்பக்கம் இதே எனாமல் வேலை. 2019-ல டெல்லி தேசிய அருங்காட்சியகத்துல காட்சிக்கு வெச்சப்ப நானும் போனேன். எல்லாரும் ஜேக்கப் வைரத்தைப் பாக்க முண்டியடிச்சாங்க, நானும்தான். பதக்கங்களைச் சரியாவே பாக்கலை. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அதே 2019 ஜூன்ல நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல இந்திய நகைகளும் கலைப்பொருட்களுமா சுமார் 10.9 கோடி டாலருக்குப் போச்சு. நம்ம பக்கத்து ஆற்காட்டு நவாப் பேரைச் சுமக்கிற 17.21 காரட் வைரமும் அதுல ஒண்ணு. அங்க அரக்குக்கும் கண்ணாடிக்கும் யாரும் கழிவு போடலை.

1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளிய கொண்டு போக முடியாது. நல்ல சட்டம்தான். ஆனா தெருமுனைக் கடையில ஊதுகுழல் வெச்சு உருக்கறதை எங்க ஊர்ல யாரும் தடுத்து நான் பாத்ததில்லை.

ஊர்ல ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. 2002-ல அண்ணாமலையார் கோயிலைத் தொல்லியல் துறை எடுத்துக்கப் போகுதுன்னு அறிவிப்பு வந்தப்ப ஊரே கொதிச்சு, 2004-ல அது வாபஸ் ஆச்சு. நான் அப்ப சின்னப் பையன், அப்பா இன்னிக்கும் அதைப் பெருமையா சொல்லுவார். சரிப்பா, கோபுரம் நம்மது. பீரோவுக்குள்ள இருக்கிறது யாருது?

உடனே ஒரு கேள்வி வரும். வரணும். "உனக்கென்னப்பா, ஐடி சம்பளம். பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறவனுக்குத் தங்கம்னா ஆபத்துக்கு உதவுற பணம். கலையைப் பாத்தா காரியம் ஆகுமா?" எங்கம்மாவும் இதைத்தான் கேட்டாங்க, இன்னும் கொஞ்சம் காட்டமா. நியாயமான கேள்வி. விக்காதீங்கன்னு நான் சொல்லலை. நகையா வில்லுங்க, உலோகமா விக்காதீங்க. அவசரத்துக்கு அடகு வைங்க, உருக்கக் கொடுக்காதீங்க. உருக்கினா கையில வர்றது 17 கிராமோட காசு. முழுசா, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்தா அதைவிட அதிகம் வர வாய்ப்பாவது இருக்கு. உருக்கினது திரும்பி வராது.

பொட்டி தட்டற நண்பர்களே, உங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நாம செஞ்ச வேலைக்கு மணிக்கணக்குல பில் போடறோம். அந்தக் காசுல நகைக்கடைக்குப் போய், 'செய்கூலி இல்லை'ன்னு எழுதியிருக்கிற கடையாத் தேடறோம். நாளைக்கு மேனேஜர் நம்ம லேப்டாப்பை எடை போட்டு, "1.8 கிலோ, பேட்டரி கழிச்சா 1.4 தேறும்"னு சம்பளம் கொடுத்தா ஒத்துப்போமா?

சரி, உருப்படியா நாலு விஷயம். வீட்டுல பழைய பதக்கமோ அட்டிகையோ இருந்தா திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, யாருது, எப்ப வந்ததுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. தண்ணியில கழுவாதீங்க, உள்ள இறங்கினா வெள்ளித் தகடு கறுத்து வைரம் மங்கிடும். விக்கிறதா இருந்தா 'உருக்கிப் பாத்துச் சொல்றேன்'கிற கடையில இருந்து எழுந்து வந்துடுங்க.

பதக்கம் இப்ப திரும்பவும் மஞ்சத்துணிக்குள்ள. ஆரத்துக்கு நான் வாங்க வெச்சிருந்த கார் முன்பணம் போச்சு. அம்மா ரெண்டு நாள் சரியாப் பேசலை. மூணாவது நாள், "கல்யாணத்தன்னிக்கு அவ அதைப் போட்டுக்கட்டும்" என்றார். அப்புறம், "எந்தப் பக்கம்டா வெளிய தெரியணும்?"

டிஸ்கி: அந்த ஆரத்துக்கும் 18 சதவீதம் சேதாரம் கொடுத்துதான் வாங்கினோம். திட்டறவங்க திட்டலாம் :-)