ஒரே மருந்து, வேறு படிகம்

"மாத்திரை எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு" என்று வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர் பஸ்ஸிலும் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள், தோழியரே. இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அந்த மருந்தின் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற கேள்வி அதில் விடுபட்டுப் போகிறது.

ஒரே சூளையில் வெந்த செங்கற்களை ஒருவர் படுக்கையாகவும் மற்றவர் நிறுத்தியும் அடுக்கினால் இரு சுவர்களும் ஒன்றாகுமா? மருந்துப் படிகமும் அப்படியே. பாராசிட்டமாலின் வழக்கமான படிகம் எளிதில் மாத்திரையாக இறுகாது. ஒட்டும் பொருள் சேர்த்தாக வேண்டும். அதன் மற்றோர் உருவம் நன்கு இறுகும், ஆனால் பழைய உருவத்திற்கே திரும்பும் இயல்புடையது. 1998-இல் எய்ட்ஸ் நோய்க்குரிய ரிட்டோனவீர் மருந்தில் எதிர்பாராமல் புதியதொரு படிகம் தோன்றிற்று. மூலக்கூறு மாறவில்லை; ஆயினும் சரிவரக் கரையாமையால் விற்பனையிலிருந்த கேப்சூல்களைத் திரும்பப் பெற நேர்ந்தது.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காண்பது எப்படி? 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் என்ற மூவர் அமைத்த அணுவிசை நுண்ணோக்கி இங்கே கைகொடுக்கிறது. பெயர்தான் நுண்ணோக்கி, உண்மையில் இது நோக்குவதில்லை, தடவிப் பார்க்கிறது! மெல்லிய தகட்டின் நுனியிலுள்ள கூரிய ஊசி படிகத்தின் மேல் ஊர்ந்து செல்ல, தகடு வளைவதை லேசர் ஒளி அளந்து காட்டும். படிகம் நீரில் கரையும்போதே இதைச் செய்யலாம். ஆஸ்பிரின் படிகத்தை இவ்வாறு ஆராய்ந்தபோது, ஒரு முகத்தில் படிகள் ஓரத்திலிருந்து மெல்லப் பின்வாங்கின. மற்றொரு முகம் தட்டுத் தட்டாகக் கீழிறங்கி விரைந்து கரைந்தது. மூலக்கூறின் எந்தப் பகுதி வெளியே தலைநீட்டுகிறது என்பதைப் பொறுத்து முகத்திற்கு முகம் குணம் மாறுகிறது. ஊசி முனையில் வேறொரு மூலக்கூறைப் பூசி, எந்த முகம் அதை எவ்வளவு பற்றி இழுக்கிறது என்றும் அளக்கலாம்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் ஆராய்ச்சி, நமக்கென்ன என்று கேட்பவர்கள் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கை அறிய வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் 'பீட்டா' படிக உருவத்திற்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் விண்ணப்பித்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் அதை மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1-இல் மறுத்தது. அப்படிகம் நன்கு பாய்கிறது, ஈரம் குறைவாக உறிஞ்சுகிறது என்பவையெல்லாம் சரி. நோயைத் தீர்க்கும் ஆற்றல் கூடியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அந்நிறுவனத்தின் மருந்துக்கு அப்போது மாதம் ஏறத்தாழ ரூ. 1,20,000 ஆயிற்று, இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்துக்கோ சுமார் ரூ. 10,000 ஆயிற்று. வயல் வேலைக் கூலியில் குடும்பம் நடத்துவோர்க்கு அந்தப் பத்தாயிரமே மலைதான்.

தீர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. அதற்காகப் படிக ஆராய்ச்சி வீண் என்று முடிவு கட்டுவது தவறு. புதிய படிகத்தால் புதிய உரிமை பிறக்காது. ஆனால் தவறான படிகத்தால் மாத்திரை கரையாமல் போகலாம் அன்றோ? மலிவு விலை மருந்தை நம்பும் நாட்டிற்கே இந்தச் சோதனை அதிகம் தேவை. அதைக் கம்பெனிகள் மட்டுமே செய்தால் போதாது. அரசுச் செலவில், அரசு ஆய்வுக்கூடங்களில் நடக்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சென்னையில் பிறந்த கௌதம் தேசிராஜுவும் உடன் ஆய்வாளர்களும் ஆஸ்பிரினின் இரு படிக உருவங்களையும் நுண்ணூசியால் அழுத்தி, ஒன்றைவிட மற்றொன்று மென்மையானது என்று 2011-இல் காட்டினார்கள். ஆகவே ஆற்றல் நம் நாட்டிலும் உண்டு.

பிளஸ் டூ முடித்தபின் வேதியியல் எடுத்தால் டீச்சர் வேலைதானே என்று வீட்டில் சொல்கிறார்கள் (டீச்சர் வேலையில் என்ன குறை என்பது வேறு கதை). மாத்திரை கரைகிறதா என்று சோதிப்பதும் வேதியியல் படித்தவள் செய்யும் வேலைதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அதுவரை, நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் படிகாரக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வளரும் படிகத்தின் முகங்களை எண்ணிப் பார்க்கலாம். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.