படத்துக்கு மாலை, பெல்ட்டுக்கு ரேட்டு

போன ஏப்ரலில் எங்கள் புனே அடுக்ககத்தில் ஃபுனாகோஷி நினைவு நாள் கொண்டாடினார்கள் மக்களே. எங்கள் வாண்டு கராத்தே கற்றுக்கொள்ளும் வகுப்புதான். (ஞாயிறு தூக்கம் போச்சு என்று தங்கமணி புலம்புவது தனிக்கதை.) படத்துக்குச் சாமந்தி மாலை, ஊதுபத்தி, ஓடு உடைக்கும் காட்சி, அன்றைக்கே பெல்ட் தேர்வு. தேர்வுக்கு 1,500 ரூபாய், சான்றிதழுக்குத் தனியாக 300. நின்ற 32 பேரும் பாஸ். இதற்குப் பெயர் குருவணக்கமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தில் இருப்பவர் யார் என்று அன்று ஒருத்தரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கிச்சின் ஃபுனாகோஷி 1868ல் ஒகினாவாவில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். இரவில் லாந்தர் வெளிச்சத்தில், குரு அசாட்டோ வீட்டு முற்றத்தில், ஒரே காட்டாவை (நம் சிலம்பத்து அடவு வரிசை மாதிரி) மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தவர். குரு திருப்தியாகாமல் அடுத்தது கிடையாது. 1922ல், ஐம்பது தாண்டிய வயதில், டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி வரவில்லை. முன்னோருக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஊரிலேயே இருந்துவிட்டார் அந்த அம்மா. (நம்மில் எத்தனை வீட்டில் கேட்ட பேச்சு இது!) ஒகினாவா மாணவர் விடுதியில் ஒரு சின்ன அறை. பிழைப்புக்கு அந்த விடுதியிலேயே அறை பெருக்கினார், தோட்டம் பார்த்தார், வாட்ச்மேன் வேலையும் செய்தார்.

"பெல்ட்டும் அவர் கொண்டுவந்ததுதானே சார்?" என்று ஒரு அப்பா மடக்கினார். உண்மைதான். ஜூடோவைப் பார்த்து 1924ல் கறுப்பு பெல்ட் கொடுத்தார். முதலில் எத்தனை பேருக்கு? ஏழே பேருக்கு. இங்கே நோட்டீஸிலேயே 'இரண்டரை வருடத்தில் ப்ளாக் பெல்ட்' என்று அடித்திருக்கிறது. ஆறு மாதத்தில் பஞ்சரத்ன கீர்த்தனை என்று ஒரு பாட்டு வாத்தியார் போர்டு மாட்டினால் சிரிக்க மாட்டோமா?

மாஸ்டருக்கும் வயிறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மாதக் கட்டணத்தை ஏற்றிக் கேளுங்கள், தருகிறேன். பெல்ட்டை விற்காதீர்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புது நிறம் கட்டிய போட்டோவை கும்பகோணத்துக்கு அனுப்பினால்தான் நமக்குச் சோறு இறங்குகிறது.

போட்டிகளில் அவருக்கு நாட்டமே இருந்ததில்லை. 1957 ஏப்ரல் 26ல் இறந்தார். அதே வருடம் அக்டோபரில், அவருடைய மாணவர்கள் தொடங்கிய சங்கமே அகில ஜப்பான் போட்டியை நடத்திவிட்டது. சரி, 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை போன விஷயத்தை இனி வேண்டாம் என்று நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் காமகுராவில் எங்காகுஜி கோயிலில் 1968ல் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கராத்தேக்காரன் முதலில் கை ஓங்குவதில்லை என்பதுதான் அதில் செதுக்கியிருப்பதன் சாரம். பிள்ளைகள் முதலில் கற்கும் ஹெயான் காட்டாக்கள் ஐந்துமே தடுப்பில்தான் தொடங்கும். எங்கள் நினைவு நாளில் உடைபட்ட ஓடுகளுக்கு இது தெரியாது :-)

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் வாட்ச்மேன் ஒடிசாக்காரர். அவர் பையனுக்குப் பத்து வயது இருக்கும். மாதக்கணக்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தே முதல் காட்டாவைப் பிடித்துவிட்டான். "என்னைவிட நல்லா பண்றான்ப்பா" என்று மகளே சொன்னாள். விழா அன்று ஆசையில் கதவுக்கு உள்ளே வந்து நின்றான். விரட்டிவிட்டார்கள். விரட்டியது மாஸ்டர்கூட இல்லை, ஒரு பிள்ளையின் அம்மா. வாட்ச்மேன் வேலை பார்த்த ஒரு மனுஷனின் படத்துக்குக் கீழே நடந்தது இது. நான் என்ன கிழித்தேன் என்கிறீர்களா? மொபைலில் மகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் மாஸ்டரிடம் போனேன். இந்த வருடம் மகளுக்குப் பெல்ட் தேர்வே வேண்டாம், அந்தக் காசில் அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு ஆட்சேபம் இல்லையாம், மற்ற பெற்றோர் சம்மதிக்க வேண்டுமாம். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் எழுப்பப் போகிறேன். இங்கே நம்மவர்கள் ஆறு குடும்பம் இருக்கிறோம். மேட்ச் இருக்கிறது, மாமியார் வருகிறார் என்று சாக்கு சொல்லாமல் வந்து கை தூக்குங்கள், சாமிகளா.