ஐந்து மைல் தூரம்

"சித்தி, நாம் பிரான்ஸுக்குப் போகலாமா?"

அக்காள் பெண் இப்படிக் கேட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதிக் கீரை தரையில் விழுந்துவிட்டது. அவளுக்குப் பதினான்கு வயது. ஆசைப்படுவதில் சிக்கனம் என்பதே தெரியாத வயது.

விஷயம் இதுதான். அவள் கையிலிருந்த செல்போனில் ஒரு படம். லுவார் நதியின் கரையோரம் சரளைப் பாதை. அதிலே ஆணும் பெண்ணுமாகச் சிலர் உல்லாசமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு தேசத்திலேயே நீளமான நதி அது. அதை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள்காரர்களுக்கென்று வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். வழிநெடுகக் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், சின்னச் சின்னக் கிராமங்கள். இப்படி மண்ணும் சரளையுமான பாதைகளில் ஓட்டுவதற்கு 'கிராவல் பைக்' என்று தனி ஜாதிச் சைக்கிளே இருக்கிறது. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் வளைந்த கைப்பிடி, பட்டையான டயர், மேடு ஏறக் கியர். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்தில் 2006-ம் ஆண்டு இதற்கென்று ஒரு பந்தயம் தொடங்கி இன்று பிரமாதமாகப் பெயர் பெற்றுவிட்டது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது.

"ஆறு, கோட்டை, கிராமம், சரளைப் பாதை. இவ்வளவுதானே? இதற்குப் பாஸ்போர்ட் எதற்கு? கருங்குழிக்குப் போகலாம்" என்றேன்.

கருங்குழி என்றதும் வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழி. நான் சொல்வது மதுராந்தகத்துக்குச் சற்று வடக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் கருங்குழி. இப்போது சின்னப் பேரூராட்சிதான். ஆனால் கர்நாடக யுத்த காலத்தில் இங்கிருந்த கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் ஜில்லா கலெக்டரின் கச்சேரியே இந்த ஊரில் இருந்தது. மதுராந்தகம் ஏரிக்கரையை மழை வெள்ளத்தில் ராமனும் லட்சுமணனும் காவல் காத்ததைக் கண்ணால் கண்டதாகக் கதை சொல்கிறார்களே, அந்த லயனல் பிளேஸ் துரை 1790-களில் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்தவர்தான்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கருங்குழியில் என் பெரியம்மா இருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெண்ணின் கியர் சைக்கிளும் என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளும் தெரிந்தவர் வேனில் ஏறின. சாயங்காலம் ஏரிக்கரையில் வெள்ளோட்டம் பார்த்தோம். செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஏதாவது ஓர் ஏரிக்கரை. கரையின் மேல் வண்டித் தடம். தடத்தில் செம்மண்ணும் சரளையும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பச்சைப் பசேலென்று நெல். பார்ப்பதற்கு ரம்மியந்தான். ஓட்டுவதற்கு? பத்தடி போவதற்குள் என் முன்சக்கரம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டோம்.

அப்போது பின்னால் மணி அடித்தது. பள்ளிக்கூடத்துச் சீருடையில் ஒரு பெண், அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிளில் வந்தாள். கியர் கிடையாது. கேரியரில் புத்தகப் பை, அதற்கு மேல் ஒரு புல்லுக்கட்டு. சறுக்காமல் எங்களைத் தாண்டிப் போனவள், என் நிலைமையைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

"டயருல காத்து ரொம்ப இருக்குதுக்கா. கொஞ்சம் இறக்கிடுங்க, கல்லு மேல எகிறாது. முன் பிரேக்கைச் சடக்குனு பிடிக்காதீங்க, வாரி விட்டுரும். சக்கரத்தையே பார்க்காதீங்க, தூரமாப் பாருங்க. வண்டி தானாப் போவும்."

பிறகு எங்கள் வீட்டுப் பெண் செல்போனில் தேடிப் பார்த்தாள். வெளிநாட்டு நிபுணர்கள் கிராவல் பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லும் புத்திமதி முழுவதும் இந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது!

அவள் பெரியம்மாவின் அடுத்த வீட்டுப் பெண்தான். பிளஸ் டூ. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருகிறாளாம். நெடுஞ்சாலை வழியாகப் போனால் பள்ளிக்கூடம் சற்றுக் கிட்டே. ஆனால் லாரியும் பஸ்ஸும் பறக்கிற பறப்பில் அம்மா விடமாட்டாளாம். அதனால் இந்தக் கரைவழி. நாங்கள் பொழுதுபோக்குக்காகத் தேடி வந்த சரளைப் பாதை, அவளுக்குப் படிப்புக்குப் போகிற பாதை.

ராத்திரி சாப்பாடு ஆனதும் இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு வாத்தியார் வேலை கிடைச்சது உனக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறேன். ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

1973-ம் வருஷம். டீச்சர் டிரெயினிங் முடித்த பெரியம்மாவுக்கு ஏரிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஐந்து மைல் தூரம். அந்த வழியில் பஸ் கிடையாது. திண்ணையில் தாத்தாவின் சைக்கிள் காலையெல்லாம் சும்மா நிற்கும். மத்தியானத்துக்கு மேல்தான் அவர் அதை எடுப்பார். ஆனால் பெண்பிள்ளை சைக்கிள் மிதித்தால் ஊர் என்ன பேசும்? பெரியம்மா நடந்தாள். போக ஐந்து, வர ஐந்து. ஐப்பசி மழையில் கரைவழி சேறாயிற்று. ஜுரத்தில் படுத்தாள். தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லம்மா. அப்பா நல்லவர்தான். தினம் காலையில அந்தச் சைக்கிளைத் துடைச்சு வைக்கறது நான்தான். துடைச்சு வச்சிட்டு நடந்து போவேன்."

அக்காள் பெண் அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் நாங்கள் கிழக்கே புறப்பட்டோம். கருங்குழியிலிருந்து ஈசூர், வள்ளிபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகப் பூஞ்சேரி போய்ச் சேர்ந்தால் மாமல்லபுரம். மொத்தம் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. இது நல்ல தார் ரோடு. மண் தடம் வேண்டுமென்றால் அங்கங்கே விலகி இறங்கிக்கொள்ளலாம்.

ஈசூரில் பாலாற்றைக் கண்டதும் பெண் கேட்டாள்: "ஆறு எங்கே சித்தி?"

பெரும்பாலும் மணல்தான். நடுநடுவே தேங்கிய தண்ணீர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, வாயலூரில் கடலில் விழுகிற ஆறு இது. வருஷத்தில் பல மாதம் மணலுக்கு அடியிலேதான் இதன் குடித்தனம். தோண்டினால் ஊற்று. கோபம் வந்தால் 2021 நவம்பரில் வந்தது போல் கரை கொள்ளாமல் வரும். ஈசூருக்கும் வள்ளிபுரத்துக்கும் இடையே தடுப்பணை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அந்த லுவார் நதியும் கோடையில் மணல் திட்டும் மெல்லிய ஓட்டமுமாகத்தான் கிடக்குமாம். நதிகளுக்குள்ளும் உறவுமுறை உண்டு போலிருக்கிறது!

திருக்கழுக்குன்றத்தில் மலையை அண்ணாந்து பார்த்தோம். உச்சிவேளைக்கு வந்து பிரசாதம் உண்ட அந்த இரண்டு கழுகுகளும் பல ஆண்டுகளாக வருவதில்லை. இட்லிக்குப் பிறகு மிதித்த மிதியில், வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலின் விமானம் தெரிந்துவிட்டது. திரும்பும்போது வேனில் ஏறிக்கொண்டோம் என்பதை மறைக்கவில்லை. முழங்காலுக்கு வஞ்சகம் தெரியாது.

சகோதரிகளே, வழியெல்லாம் எனக்கு அந்த ஐந்து மைல்தான் நினைவு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் உழைத்த பெண்கள், வயல்வேலைப் பெண்கள், கிராமத்து நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் இன்னொருவரை எதிர்பார்த்து நின்ற காலம் அவர்களுக்குப் போயிற்று. பிறகு 2001-02 முதல் நம் மாநிலத்தில் மாணவிகளுக்கு இலவசச் சைக்கிளும் வந்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கு. சில ஆண்டுகளில் பிளஸ் ஒன் படிக்கும் மற்றவர்களுக்கும். சைக்கிள் வந்துவிட்டது. அதை வீட்டில் யார் ஓட்டுகிறார்கள்? பெண்ணின் பெயரில் வந்த சைக்கிளில் அண்ணன் சுற்றப் போய்விட, அவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நகரத்தில் நாமும் "ரோடு சரியில்லை, வேண்டாம்" என்று பெண்ணை நிறுத்துகிறோம். ரோடு சரியில்லை என்பது வாஸ்தவந்தான். அதற்கு ரோட்டைச் சரி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்ணை நிறுத்திவிட்டால் ரோடு சரியாகிவிடுமா?

சாயங்காலம் கருங்குழியில் என் சைக்கிளை வேனில் ஏற்றப் போனேன். பெரியம்மா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இங்கேயே இருக்கட்டுமே."

"எதற்குப் பெரியம்மா? நீங்கள் ஓட்டப் போகிறீர்களா?" என்று சிரித்தேன்.

"நான் என்னத்தை ஓட்டறது? அடுத்த வீட்டுச் சின்னது எட்டாவது படிக்குது. அதுக்குச் சைக்கிள் வர இன்னும் மூணு வருஷம் ஆவும். நான் பின்னால பிடிச்சுக்கறேன், அது ஓட்டட்டும்."

சைக்கிளை விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் டெலிபோனில் கேட்டேன். சின்னப் பெண் திண்ணையிலிருந்து ஏரிக்கரை வரை விழாமல் போகிறாளாம். பெரியம்மா கேரியரிலிருந்து கையை எடுத்துவிட்டாளாம். அது அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாதாம்.

ஐந்து மைலுக்கு இனிக் கொஞ்ச தூரந்தான் பாக்கி.