அலாஸ்கா ஓநாய்கள்: எல்லைக்கோட்டில் முடியும் பாதுகாப்பு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், லாஸ்ட் கிரீக் என்று பெயரிடப்பட்ட ஓநாய்க் கூட்டத்தைச் சேர்ந்த 11 ஓநாய்களும் 2014 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வானிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டன. சுட்டவர்கள் மாநில அரசின் வனவிலங்குத் துறையினர். ஓநாய்களோ, யூகான்-சார்லி ரிவர்ஸ் தேசியக் காப்பகத்தில் மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறை நீண்டகாலம் ஆய்வு செய்துவந்தவை.

காப்பகத்துக்குள் வானிலிருந்து சுட அனுமதி இல்லை. ஆனால் இரையைத் தேடிச் செல்லும் ஓநாய்க்கு வரைபடம் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் அவற்றுக்கான பாதுகாப்பும் முடிந்துவிட்டது.

விமானத்திலிருந்து விலங்குகளைச் சுடுவதை அமெரிக்க நாடாளுமன்றம் 1971 ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. எனினும் நிலம், கால்நடை, வனவிலங்கு ஆகியவற்றைப் பாதுகாப்பதற்காக மாநில அரசு அனுமதித்தால் சுடலாம் என்ற விதிவிலக்கையும் அதே சட்டம் அளித்தது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது.

அந்தக் கதவின் வழியாகவே அலாஸ்கா நுழைந்தது. மனிதர் உணவுக்காக வேட்டையாடும் மூஸ், காரிபு மான்களின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்று 1994 ஆம் ஆண்டு அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மான்கள் பெருக வேண்டுமானால் ஓநாய்கள் குறைய வேண்டும் என்பது மாநில அதிகாரிகளின் வாதம். சாலை வசதியற்ற கிராமங்களில் மூஸ் இறைச்சியே குளிர்கால உணவு என்பதால், இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது.

முறை எளிமையானது. பனிக்காலத்தில் சிறு விமானத்திலிருந்து பார்த்தால் ஓநாய்களின் காலடித் தடம் தெளிவாகத் தெரியும். தடத்தைத் தொடர்ந்தால் திறந்த வெளியில் முழுக் கூட்டமும் அகப்படும். ஓடி ஒளிய மறைவிடம் இருக்காது.

அலாஸ்கா வாக்காளர்கள் 1996 ஆம் ஆண்டிலும் 2000 ஆம் ஆண்டிலும் விமான உதவியுடனான ஓநாய் வேட்டைக்கு எதிராக வாக்களித்தனர். ஆனால் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ரத்துச் செய்ய மாநில சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2003 ஆம் ஆண்டு, ஆளுநர் ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி காலத்தில் வான்வழி வேட்டைக்கு மீண்டும் வழி திறந்தது. 2008 ஆம் ஆண்டு நடந்த மூன்றாவது வாக்கெடுப்பில் எதிர்ப்பாளர்கள் தோற்றனர்.

மத்திய அளவில், அந்த விதிவிலக்கைக் குறுக்கும் மசோதாவை செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜார்ஜ் மில்லரும் 2009 ஆம் ஆண்டு முன்வைத்தனர். அது சட்டமாகவில்லை.

அலாஸ்காவில் 7,000 முதல் 11,000 ஓநாய்கள் இருப்பதாக மாநில அரசு மதிப்பிடுகிறது. ஆகவே இனம் அழிந்துவிடும் என்ற அச்சம் இங்கில்லை. கேள்வி வேறு: அலாஸ்கா நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அமெரிக்க மக்கள் அனைவருக்கும் பொதுவான மத்திய அரசு நிலம். அதில் வாழும் விலங்கின் கதியை, அது அயல் நிலத்தில் கால் வைத்த கணமே மாநில அரசு தனியாகத் தீர்மானிக்கலாமா?

மான்கள் குறைய ஓநாய் மட்டுமே காரணமா என்பதும் தீராத சர்ச்சை. தென்மேற்கு அலாஸ்காவின் மல்சாட்னா காரிபு மந்தை 1990களில் சுமார் 2 லட்சமாக இருந்து, 2019 ஆம் ஆண்டளவில் சுமார் 13,000 ஆகச் சுருங்கியது. மேய்ச்சல் நிலத்தின் சீரழிவும் புருசெல்லோசிஸ் நோயும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. ஆயினும் 2023 ஆம் ஆண்டு மாநில அரசின் ஆட்கள் அப்பகுதியில் வானிலிருந்து சுட்டுக் கொன்றவை 99 கரடிகளும் 5 ஓநாய்களும்.