கெம்போங் மீனுக்குப் பேரம், காடிக்கு மௌனம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய்க்குப் பஞ்சமே இல்லை. இரவுச் சந்தையில் ஒரு கிலோ கெம்போங் மீனுக்கு ஐம்பது சென் குறைக்க அம்மா மூன்று கடை ஏறி இறங்குவார். லோரி ஓட்டும் அப்பா, பழைய டயர் வாங்கப் போனால் தவுக்கேயோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார். பாதி வழி திரும்பி நடந்து, அவர் கூப்பிட்ட பிறகு மீண்டும் போய் வாங்கும் கலையெல்லாம் அவருக்குக் கைவந்தது. அப்படிப்பட்ட குடும்பம் 2023 டிசம்பரில் புதுக் காடி வாங்கப் போனது. விலை 52,000 வெள்ளி. எத்தனை நிமிடம் பேரம் பேசியிருப்போம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நிமிடம்கூட இல்லை.

(மகிழுந்து என்று எழுத எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் மகிழுந்து வாங்கவில்லை, காடிதான் வாங்கினோம்.)

விற்பனையாளர் நம்மவர். “வாங்கண்ணே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். குடிக்க மைலோ வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். “அண்ணே, மொதப்பணம் பத்து விழுக்காடு, 5,200 வெள்ளி வரும். ஆனா உங்களுக்காக 3,000 வெள்ளி ரிபேட் போட்டிருக்கேன். கையில 2,200 மட்டும் கட்டுங்க, போதும். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டித் தர்றேன், கால்மிதியும் ஃப்ரீ. இந்த மாசக் கடைசிக்குள்ள பதிஞ்சிடணும்.” அப்பா என்னைப் பார்த்தார். நான் கால்மிதியைப் பார்த்தேன். பென்சிலால் குறியிட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து விழுந்தது.

அந்த 3,000 வெள்ளி எங்கே போனது என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ரிபேட் எங்கள் முதல்பணத்தில் கழிந்ததே தவிர, கடனில் கழியவில்லை. வங்கியில் வாங்கிய கடன் 46,800 வெள்ளி. ஆண்டுக்கு 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டுக்கும் அசல் முழுவதற்கும் ஒரே சீராகப் போட்ட வட்டி. மாதம் 550 வெள்ளி. அதே ரிபேட்டை விலையில் கழித்து 49,000 ஆக்கி, நாங்கள் கொண்டுபோயிருந்த பணத்தில் 5,200 வெள்ளியையும் கட்டியிருந்தால் கடன் 43,800-தான், மாதம் 515. வித்தியாசம் 35 வெள்ளி. 108 மாதத்துக்குப் பெருக்கினால் 3,810 வெள்ளி. இது ஆறாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியில் படித்த தனிவட்டிக் கணக்கு. அதற்கு மேல் ஒரு வரிகூடக் கூடுதல் அறிவு தேவைப்படவில்லை.

கையில் பணமே இல்லாத குடும்பத்துக்கு அந்த ஏற்பாடு உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்களிடம் பணம் இருந்தது. அம்மா கூட்டுக் கட்டி எடுத்த 5,500 வெள்ளி கைப்பையில் இருந்தது. 3,300 வெள்ளி மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்பினோம். அண்ணன் புது ரிம் போட்டார், ஒலிபெருக்கி மாற்றினார். தைப்பூசத்துக்குள் மிச்சம் கரைந்துவிட்டது, தவணை கரையவில்லை. வாங்குபவர் தொடக்கத்திலேயே கொஞ்சம் கடனைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றுதான் 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் குறைந்தது பத்து விழுக்காடு முதல்பணம் கேட்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த இடத்தில் ரிபேட்டை வைத்து அடைத்தால், சட்டத்தின் கண்ணுக்கு முதல்பணம் இருக்கிறது. நம் தோளில் சுமை குறையவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அப்பாவின் பழைய கஞ்சில் காடியை அதே மாதம் இரும்புக்கடைக்குக் கொடுத்தோம். பல ஆண்டுகளாக ஒரு முறைகூட அவர் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டதில்லை. அப்படி ஐந்து ஆண்டுக்கு மேல் கேட்காத காடிக்காரருக்கு என்.சி.டி. எனப்படும் கழிவு 55 விழுக்காடு வரை ஏறும். அது காடிக்குச் சொந்தமன்று, ஆளுக்குச் சொந்தம். பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆயிரம் வெள்ளிக் காப்புறுதிக் கட்டணம் 450 ஆகும் என்றால் அது சின்னத் தொகையா? எங்கள் விலைப்பட்டியலில் என்.சி.டி. என்ற இடத்தில் சுழியம் இருந்தது. விற்பனையாளர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் இரண்டு மாதம் கழித்து.

பேரத்தில் புலியான அப்பா அங்கே ஏன் வாயடைத்துப் போனார்? இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே காடி என்பது துரையும் கிராணியாரும் வைத்திருந்த பொருள். தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவதுதான் பழக்கம். தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பது பழக்கமில்லை. மீன் கடையில் பேரம் பேசினால் கெட்டிக்காரர். குளிரூட்டிய அறையில் கழுத்துப்பட்டை கட்டியவரிடம் பேரம் பேசினால், ‘வசதி இல்லாதவன் எதற்கு வந்தான்’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அதோடு அவர் “அண்ணே” என்று வேறு கூப்பிட்டுவிட்டார். நம்ம பையனிடம் கணக்குக் கேட்பது நாகரிகமா?

அந்தக் கூச்சம் தோட்டத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தமிழ்ப்பள்ளியும் தேசிய இடைநிலைப்பள்ளியும் படித்து, மலாயில் விவாதப் போட்டிக்கெல்லாம் போன எனக்கு என்ன வந்தது? ‘படித்த பிள்ளை கூட வரட்டும்’ என்றுதானே அப்பா என்னை அழைத்துப் போனார்? என் வேலை மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். விற்பனையாளரோ தமிழிலேயே பேசினார். எனவே எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது!

கழகத்தில் மூத்தவர் ஒருவர், படித்து முடித்ததும் ஈராண்டு காடி விற்றவர், இதைக் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கே வந்தார். “ரிபேட் முழுசும் கம்பெனி காசுன்னு நெனைக்கிறியா? பாதி என் கமிஷன். அடிப்படைச் சம்பளத்துல வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. ஆளுங்க மூணு கடையில வெலய வாங்கிட்டு, என்கிட்ட வந்து இன்னும் 500 கொறைன்னு நிப்பாங்க. அதுக்கு மேல ஃப்ரீயா கேமராவும் கேப்பாங்க.” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அவருடைய கமிஷனைப் பிடுங்க வேண்டும் என்பதன்று என் வாதம். கொடுக்கிற கழிவு எந்த இடத்தில் கழிகிறது என்று கேட்பதால் எந்த விற்பனையாளருக்கும் ஒரு சென் நட்டமில்லை. அவரே சொன்னார்: மாதக் கடைசியிலும் ஆண்டுக் கடைசியிலும் விற்பனை இலக்கு நெருக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகும், ஆட்கள் மாதக் கணக்கில் வரிசையில் காத்திருக்கும் காடிக்கு எந்தப் பேரமும் எடுபடாது. ஆனால் டிசம்பரில் எடுத்த காடி, அடுத்த சில வாரத்தில் போன ஆண்டுக் காடி ஆகிவிடுகிறது; பின்னாளில் விற்கப் போனால் அது விலையில் தெரியும். எங்களுக்குக் கிடைத்த 3,000 வெள்ளியில் அந்த நட்டமும் அடங்கியிருந்தது. அப்பா அதை அன்பு என்று எண்ணினார்.

அரசாங்கம் 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை உள்நாட்டில் பொருத்தும் காடிகளுக்கு விற்பனை வரியை முழுதாக விலக்கியது. அதையும் கடைக்காரர் கொடுத்த கழிவு என்று நம்பியவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. வரி வேறு, காப்புறுதி வேறு, சாலை வரி வேறு, காடியின் விலை வேறு. எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னால், பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதே காடிக்கு இன்னொரு கிளையிலும் எழுதி வாங்க வேண்டும். பேச வேண்டியது மாதத் தவணையை அல்ல. கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதை. இவ்வளவுக்கும் வாய்ச்சண்டை தேவையில்லை, ஒரு பேனா போதும்.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கழகத்தில் கவிதைப் பட்டறையும் நாடகப் போட்டியும் நடத்துகிறோம், வேண்டியதுதான். ஆனால் வீட்டில் பெற்றோர் கையெழுத்திடும் தாளை ஒரு முறையாவது வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறோமா? நான் சொல்லவில்லை. அதற்கு மாதம் 35 வெள்ளி கட்டிக்கொண்டிருக்கிறோம், 2032 வரை.

அடுத்த மாதம் அண்ணன் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார். இரண்டு கடையில் விலை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்; நானும் உடன் போகிறேன். அப்பா இப்போதே சொல்லிவிட்டார்: “வா, வேணாங்கல. ஆனா அங்க வந்து ரொம்பப் பேசி மானத்த வாங்கிடாத.”