பழசெல்லாம் இரும்பாம்

கிளிநொச்சியில் எந்தக் கராச்சின் வாங்கிலும் பத்து நிமிடம் குந்தியிருந்தால் போதும், அந்த வசனம் வந்துவிடும்: "அண்ணை, அந்தக் காலத்துச் சாமான் இரும்பு. இப்ப வாறதெல்லாம் பிளாஸ்ரிக்." சொல்பவருக்கு அறுபது வயதாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அறுபதுக்காரர் ஹொண்டா எம்.டி. 90ஐ நினைத்துச் சொல்வார். இருபதுக்காரர் யமஹா எப்.இசட் மோட்டார் சைக்கிளின் முதல் வேர்சனை நினைத்துச் சொல்வார். அந்த வேர்சன் சந்தைக்கு வந்தபோது அவர் சின்னக் குழந்தை. தான் ஓட்டிப் பார்க்காத காலத்துக்காக ஒருவர் இவ்வளவு உருகுவதை வேறெந்த விசயத்திலும் நான் கண்டதில்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேசுகிறவனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

நான் மறுக்கிறேன்.

முதலில் எப்.இசட்டையே எடுப்போம். 2008இல் இந்தியாவில் வந்தது. 153 சீசீ, 14 குதிரைவலு, புடைத்த பெற்றோல் தாங்கி, பின்னால் 140 மில்லிமீற்றர் அகல ரயர். பல்சரும் அப்பாச்சியும் ஓடிய றோட்டில் அதைப் பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், உண்மைதான். 2014இல் இரண்டாவது வேர்சன் வந்தது. எஞ்சின் 149 சீசீ, வலு 13.1. காபரேற்றர் போய் இன்ஜெக்சன் வந்தது. "கொன்று போட்டான்கள்" என்று அன்றைக்குத் தொடங்கிய ஒப்பாரி இன்னும் ஓயவில்லை. கணக்குப் பார்த்தால் அன்று ஒரு குதிரைகூட முழுசாய்ச் சாகவில்லை. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுக இறுக 12.4 வரைக்கும் இறங்கியது. அதையும் ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் அதே வண்டிக்கு 2019இல் முன்சில்லுக்கு ஏ.பி.எஸ். பிறேக் வந்தது. அதைப் பற்றி அந்த வாங்கில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. போன குதிரைக்குச் செத்தவீடு கொண்டாடுகிறவர்களுக்கு வந்து சேர்ந்த பிறேக் கண்ணில் படுவதில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் பிடித்த வருத்தம் அல்ல. அமெரிக்கர்களுக்கு இது முற்றிய நிலையில் இருக்கிறது. போர்ட் மஸ்ராங் 1964 ஏப்ரலில் வெளிவந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதைப் பெரிதாக்கினார்கள்; கொழுத்துப் போச்சு என்று முறைப்பாடு. 1974 மொடலைச் சிறிதாக்கினார்கள். அந்த வருடம் வி8 எஞ்சினே இல்லை. சுருங்கிப் போச்சு, இது மஸ்ராங்கே இல்லை என்று முறைப்பாடு. இன்றைக்கும் அந்த மொடலின் பெயரைச் சொன்னால் ரசிகர்கள் முகம் சுழிப்பார்கள். ஆனால் 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பெற்றோல் நிலையத்தில் வரிசையில் நின்ற சனம் அந்த மொடலைத்தான் வாங்கியது. அந்த ஒரு மொடல் ஆண்டில் 385,000க்கும் மேல் விற்றது. எண்பதுகளில் மஸ்ராங்கின் இடத்துக்கு மஸ்டாவை அடிப்படையாகக் கொண்ட முன்சில்லு இழுவைக் கார் ஒன்றைக் கொண்டுவரப் போர்ட் யோசித்தபோது ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தடுத்தார்கள். அந்தக் கார் புரோப் என்ற வேறு பெயரில் வந்தது. அப்படி அவர்கள் காப்பாற்றியது 1979இல் வந்த பெட்டி வடிவ மஸ்ராங்கை. அது வந்த புதிதில் அதையும் மஸ்ராங் இல்லையென்று சொன்னவர்கள் உண்டு.

போட்டிக் கார்களின் கதையும் இதுவே. செவ்ரொலே கமாறோ 2002இல் நின்றது, 2009இல் திரும்பி வந்தது, இப்போது மறுபடி நின்றுவிட்டது. டொட்ஜின் வி8 சார்ஜரும் சலஞ்சரும் 2023 டிசம்பரோடு நின்றன. அடுத்ததாக வந்த மின்சாரச் சார்ஜருக்கு உறுமல் இல்லையே என்று ஆத்திரப்பட்டவர்களைச் சமாதானப்படுத்த, கொம்பனியே செயற்கையாக உறுமலை உண்டாக்கும் கருவி ஒன்றை அதில் பூட்டியது. சைலன்சரை வெட்டிக்கொண்டு இரணைமடுச் சந்தியால் போகும் எங்கள் தம்பிமார் இதைக் கேட்டால் பெருமைப்படுவார்கள். இன்னொன்று: அந்தக் கலப்படமில்லாத அமெரிக்க வீரத்தின் கடைசி வி8 சலஞ்சரும் சார்ஜரும் செய்யப்பட்டது அமெரிக்காவில் அல்ல, கனடாவின் பிரம்ரனில். வன்னியில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த ஊர்.

எங்களுடைய பிடிவாதத்துக்கு மட்டும் அமெரிக்கர்களுக்கு இல்லாத ஒரு வேர் உண்டு. அதைத் தொடாமல் இந்த நம்பிக்கையை அசைக்க முடியாது. "பழசு இரும்பு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் ஓடுவது 1990க்குப் பிந்திய, போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்த நேரத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படியொரு பயணத்தின் கதை இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர் "இப்பத்தைய காரில இதைச் செய்வியோ?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் பதில் இருக்கிறது. அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது இரும்பின் தடிப்பால் அல்ல. அவற்றின் கொம்பிறசன் குறைவு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலை விட மிகக் குறைவு. கொம்பிறசன் கூடிய எஞ்சினில் அதை விட்டால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கிடைத்த தரம் குறைந்த பெற்றோலுக்காக மந்தமாகச் செய்யப்பட்ட எஞ்சின்கள் என்பதால் அவை தாங்கின. அதாவது எங்களைக் காப்பாற்றியது அந்த எஞ்சினின் பலவீனம். இங்கிலாந்தில் பேர்குசன் கொம்பனி 1949இலேயே டி.ஈ.டி. 20 என்ற உழவு மிசினைப் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும்படி செய்து விற்றது. கொம்பிறசனை வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். அங்கே தொழிற்சாலை செய்த வேலையை இங்கே கராச்சில் கையால் செய்தார்கள்.

அந்தக் கையைத்தான் இந்த நம்பிக்கை மறைக்கிறது, என் கோபமும் அதில்தான். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் சும்மா ஓடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலோ கிடைக்காத சாமான். பிளக் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்ட வேண்டும், நாளைக்கு மறுபடியும். உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் வராது. லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு செத்த வண்டியில் கழற்ற வேண்டும். புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்று இதைச் செய்த மனிதர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுடைய உழைப்பை மொறிஸின் தகரத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் செய்த சாமானெல்லோ" என்று பெருமூச்சு விடுகிறோம்.

செத்த வண்டிகளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது இன்னொரு பிழை. இன்று கிளிநொச்சி ரவுனுக்குள் ஒரு எம்.டி. 90 போனால் "பார், இன்னும் ஓடுது" என்கிறோம். ஜப்பானிய அஞ்சல்காரருக்காக ஹொண்டா செய்த நல்ல வண்டி அது, கிளச் பிடிக்கிற வேலை இல்லை, பெற்றோல் குடிப்பதும் குறைவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓடாமல் போனவை எங்கே? 2009இல் போர் முடிந்த பிறகு பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளமுள்ளிவாய்க்கால் பக்கத்தில் குவியல் குவியலாகக் கிடந்த மோட்டார் சைக்கிளும் காரும் உழவு மிசினும் எல்லாம் பழைய மொடல்கள்தான், எல்லாம் இரும்புதான். கறள் பிடித்து, நிறுத்து விற்கப்பட்டுப் போயின. அவற்றின் சொந்தக்காரர்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மனமில்லை. சொல்ல வருவது இவ்வளவே: தப்பி வந்த ஒன்றைப் பார்த்து அந்தக் காலத்துச் சாமான் எல்லாமே அழியாதது என்று தீர்ப்பெழுதுவதற்கு, வேறு எந்த ஊருக்கும் இருக்கிற உரிமைகூட எங்கள் ஊருக்கு இல்லை.

அடுத்தது "இடிச்சால் நசுங்குது" என்ற குற்றச்சாட்டு. நசுங்கத்தான் வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2009இல் ஒரு வேலை செய்தது. 1959ஆம் ஆண்டின் செவ்ரொலே பெல் எயாரையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரொலே மலிபுவையும் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் முட்டும்படி மோதவிட்டார்கள். ஒன்று எங்கள் ஆட்கள் கும்பிடும் வகை இரும்பு. மற்றது பிளாஸ்ரிக் என்று பழிக்கும் வகை. பெல் எயாரின் கூடாரம் உள்ளே மடிந்தது. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மலிபுவின் மூக்கு சப்பையாகியது, சாரதியின் இடம் அப்படியே இருந்தது. காலில் சிறு காயத்தோடு இறங்கியிருப்பான். மோதலின் விசையை யாராவது வாங்க வேண்டும். வண்டி வாங்காவிட்டால் ஆள் வாங்குவான்.

மோட்டார் சைக்கிளுக்குக் கூடாரம் இல்லை, பிறேக் மட்டும்தான். ஏ9 கிறவலும் குழியுமாகக் கிடந்த காலத்து வேகம் வேறு, இன்று காப்பெற் றோட்டில் போகும் வேகம் வேறு. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் இருட்டியபின் மாடு படுத்திருக்கும். காலபோக அறுவடை முடிந்த மாசியில் உள் வீதிகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அந்த மணிகளின் மேல் முன்பிறேக்கை அழுத்தினால் சில்லு பூட்டி வண்டி வழுக்கும். ஏ.பி.எஸ். பூட்டுப்படாமல் காக்கச் செய்யப்பட்டது. "அது இல்லாமல்தானே நாங்கள் ஓடினனாங்கள்" என்று சொல்கிறவர், சொல்வதற்கு உயிரோடு மிஞ்சியவர். மற்றவர் வந்து சொல்லப் போவதில்லை.

விலையைக் காட்டுகிறவர்களும் உண்டு. "நல்லதில்லாட்டி ஏன் பழைய எப்.இசட் இந்த விலைக்குப் போகுது?" 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஐந்து வருடம் புதுச் சாமான் வராத நாட்டில் பழையதன் விலை ஏறாமல் என்ன செய்யும்? பஞ்சம் ஏற்றிய விலையைத் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவது, தடைக் காலத்தில் ஒரு போத்தல் பெற்றோல் விற்ற விலையை வைத்து அந்தப் பெற்றோல் உசத்தி என்பதற்குச் சமம். அதற்கிடையில் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்த 4 லீற்றரை நம்பி ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போய்வந்தவரிடம் கேளுங்கள், இன்ஜெக்சன் வேண்டுமா, போன அந்தக் குதிரை வேண்டுமா என்று.

அந்த வாங்கில் இருப்பவர்கள் ஒரு விசயத்தில் சரி. புது வண்டியைத் திறக்க முடியவில்லை. காபரேற்றரைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, ஊதிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குக்கு முன்னால் இன்ஜெக்சன் வண்டி வாயைத் திறப்பதில்லை. ஒரு சென்சர் போனால் வண்டி கிடை. உடைந்த பிளாஸ்ரிக் மூடிக்கு முழுத் தொகுதியாக வாங்கச் சொல்கிறார்கள். தடைக் காலத்தை வென்ற கைகளைச் சும்மா இருக்க வைத்திருக்கிறது இந்த ஏற்பாடு. இதற்குக் கோபப்பட வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தை இன்ஜெக்சன் மீதும் ஏ.பி.எஸ். மீதும் காட்டி வீணாக்குகிறார்கள். பூட்டி வைத்திருப்பது வண்டி அல்ல, பாகத்தையும் விளக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கும் வியாபாரம்.

பூட்டும் அவ்வளவு பெரிதில்லை. ஹொண்டாவின் பல இன்ஜெக்சன் வண்டிகளில் கோளாறு வந்தால் மீற்றரில் ஒரு விளக்குக் கண் சிமிட்டும். நீண்ட சிமிட்டு பத்து, குறுகிய சிமிட்டு ஒன்று. எண்ணிக் கூட்டினால் எந்த சென்சர் என்று அதுவே சொல்லிவிடும். இதைப் படிக்கப் பட்டம் தேவையில்லை. அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இலிருந்து இயங்குகிறது, வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். இரணைமடுச் சந்தியிலிருந்து பத்து நிமிட ஓட்டம். முதல் வேர்சன் பெரிதா மூன்றாம் வேர்சன் பெரிதா என்று பின்னேரம் முழுக்க வாதாடுகிற தம்பிமார் அந்தப் படலையால் உள்ளே போய் ஒருமுறை விசாரிக்கலாம். மூத்தவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. வண்டி விற்ற ஷோரூமுக்குப் போய், முல்லைத்தீவில் லீசிங் கட்டுகிறவன் ஒரு சென்சருக்காகக் கொழும்புப் பார்சலை ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும், அந்த வண்டியின் திருத்தக் கைந்நூலைத் தமிழில் எப்போது தருவீர்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் வரும்வரைக்கும் அந்த வாசலை விட்டு எழும்பக் கூடாது.